அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு வீரர்களுக்குச் சம்பளம் தரலாமா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் கல்லூரி அணிக்காக விளையாடும் மாணவர்களுக்குப் பணம் தரலாமா, கூடாதா என்ற வாதத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 2025 ஜூலை 1 முதல் கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்று வழி திறந்துவிட்டது. அதோடு தகராறு ஓய்ந்தது என்று நினைக்க வேண்டாம். யாருக்கு எவ்வளவு, எந்தப் பெயரில், யார் போட்ட விதிப்படி என்பதில்தான் இப்போது சண்டை. பணம் தர வேண்டும் என்ற பக்கம்தான் நான். ஆனால் இப்போது தரும் விதம் சரியா என்றால், அரைகுறை என்பேன். ஏன் என்று கீழே பார்க்கலாம்.

கல்லூரிப் பிள்ளைகள் ஆடும் ஆட்டத்தில் அப்படி என்ன பணம்?

நம்மூர்க் கல்லூரி ஆட்டங்களை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் இது பிடிபடாது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் மைதானத்தில் ஒரு லட்சத்து ஏழாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். சேப்பாக்கத்தை இரண்டு முறை நிரப்பிய பிறகும் ஆள் மிஞ்சும். அது தொழில்முறை அணியின் மைதானம் இல்லை, கல்லூரிக்குச் சொந்தமானது. (ஃபுட்பால் என்று இங்கே சொல்வது ஹெல்மெட் போட்டு முட்டி மோதி ஆடும் அமெரிக்க ஆட்டத்தை.)

கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் அமைப்பு என்.சி.ஏ.ஏ. அது ஆண்டுதோறும் மார்ச்சில் 68 அணிகளை வைத்து ஆண்கள் கூடைப்பந்துப் போட்டி நடத்துகிறது. அதன் ஒளிபரப்பு உரிமையை 2010-இல் சி.பி.எஸ்., டர்னர் நிறுவனங்கள் 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலருக்கு வாங்கின. 2016-இல் இன்னும் 880 கோடி டாலர் சேர்த்து 2032 வரை நீட்டித்தார்கள். ஃபுட்பால் பணம் தனிக் கணக்கு. 'பிக் டென்' என்ற ஒரே ஒரு கல்லூரிக் கூட்டமைப்பு 2022-இல் போட்ட டிவி ஒப்பந்தம் ஏழு ஆண்டுக்கு 700 கோடி டாலருக்கு மேல்.

இந்தப் பணம் எங்கே போகிறது என்பதற்கு ஓர் உதாரணம். டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் தன் ஃபுட்பால் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை நீக்கியது. ஒப்பந்தம் பாக்கி இருந்ததால் அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை 7.5 கோடி டாலருக்கு மேல். வேலை செய்வதற்கு இல்லை, செய்யாமல் போவதற்கு. பல மாநிலங்களில் அரசு ஊழியர்களிலேயே அதிகச் சம்பளம் வாங்குபவர் ஆளுநர் அல்ல, அரசுப் பல்கலைக்கழகத்தின் கோச்தான்.

இவ்வளவு பணம் புரண்டும் ஆடுகிறவர்களுக்கு மட்டும் ஏன் தரவில்லை?

கல்லூரி விளையாட்டு ஒரு காலத்தில் பணவாடையே படாமல் இருந்தது, பிற்பாடுதான் கெட்டது என்று ஒரு கதை உண்டு. கதைதான். அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையே நடந்த முதல் போட்டி, 1852-இல் ஹார்வர்டும் யேலும் மோதிய படகுப் பந்தயம். நியூ ஹாம்ப்ஷயரின் ஏரி ஒன்றில் நடந்த அதற்குச் செலவு செய்தது ஒரு ரயில்வே கம்பெனி. பந்தயம் பார்க்க வருகிறவர்கள் டிக்கெட் எடுப்பார்கள் என்ற கணக்கு. அதாவது ஸ்பான்சர் முதல் நாளிலேயே வந்துவிட்டார்.

என்.சி.ஏ.ஏ. பிறந்தது பணத்தைத் தடுக்க அல்ல, உயிர்ப்பலியைத் தடுக்க. 1905-இல் ஃபுட்பால் ஆடி இளைஞர்கள் செத்தது பெரிய செய்தியாகி, அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டே கல்லூரிக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசினார். 1906-இல் அமைப்பு உருவானது. சம்பளம் கூடாது என்ற கொள்கையும் கூடவே வந்தது. 1956-இல்தான் விளையாட்டுக்கென்றே ஸ்காலர்ஷிப் தர முறையான அனுமதி கிடைத்தது.

அந்தக் காலத்தில் நடந்த இன்னொரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1955-இல் கொலராடோவில் ஒரு சிறிய கல்லூரிக்காக ஆடிய ரே டெனிசன் தலையில் அடிபட்டு இறந்தார். வேலையில் இறந்தவர்களின் குடும்பத்துக்குத் தரும் நஷ்டஈட்டை மனைவி கேட்டார். டெனிசன் ஊழியர் இல்லை என்று 1957-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. அப்போது என்.சி.ஏ.ஏ.வின் தலைமை நிர்வாகியாக இருந்தவர் வால்டர் பையர்ஸ். இப்படிப்பட்ட வழக்குகளுக்குப் பயந்துதான் 'மாணவ வீரர்' என்ற அடையாளத்தை எல்லா விதிகளிலும் ஏற்றினோம் என்று ஓய்வுக்குப் பிறகு அவரே எழுதினார். 1974-இல் ஆட்டத்தில் கழுத்து முறிந்து முடங்கிப்போன டெக்சஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழக வீரர் கென்ட் வால்ட்ரெப்புக்கும் இதே கதி. ஊழியர் அல்ல என்று 2000-இல் நீதிமன்றம் சொன்னது. சம்பளம் தராததன் பின்னால் இருந்தது கல்வி மீதான பக்தி மட்டும் அல்ல.

இலவசப் படிப்பும் விடுதியும் சாப்பாடும் கிடைக்கிறதே, அது சம்பளம் இல்லையா?

இந்தக் கேள்வியை அலட்சியமாகத் தள்ள முடியாது. கல்விக் கடன் இல்லாமல் பட்டம் வாங்குவது அமெரிக்காவில் சாதாரண விஷயமா? முழு ஸ்காலர்ஷிப் கிடைத்த பிள்ளைக்கு அது பெரிய சொத்து. ஆனால் எல்லாருக்கும் முழுசாகக் கிடைப்பதில்லை. நீச்சல், தடகளம், பேஸ்பால் போன்றவற்றில் ஒரு பங்கைத்தான் பிரித்துக் கொடுப்பது வழக்கம். என்.சி.ஏ.ஏ.வின் மூன்றாம் பிரிவான டிவிஷன் த்ரீ கல்லூரிகளிலும், ஹார்வர்ட், யேல் போன்றவை அடங்கிய ஐவி லீகிலும் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. 1973 முதல் 2012 வரை ஸ்காலர்ஷிப் ஓர் ஆண்டுக்குத்தான். கோச்சுக்குப் பிடிக்காவிட்டால் அடுத்த வருஷம் இல்லை.

நேரக் கணக்கும் இருக்கிறது. வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்பது விதி. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஃபுட்பால் வீரர்களின் வழக்கை 2014-இல் விசாரித்த தொழிலாளர் வாரிய அதிகாரி, சீசன் நடக்கும்போது வாரம் 40 முதல் 50 மணி நேரம் போகிறது என்று பதிவு செய்தார். முழுநேர வேலை செய்கிறவரின் நேரம் அது.

சாப்பாட்டு விதிகளைக் கேட்டால் சிரிப்பு வரும். நேர உணவு தவிர, வீரர்களுக்குக் கல்லூரி கொடுக்கக்கூடிய நொறுக்குத்தீனி பழம், பருப்பு வகை, பேகல் ரொட்டி மட்டும் என்று ஒரு விதி இருந்தது. பேகல் தரலாம். அதன் மேல் க்ரீம் சீஸ் தடவினால் விதிமீறல்! 2013 வாக்கில்தான் அந்தத் தடவலுக்கு விடுதலை கிடைத்தது. மறு வருஷம், கூடைப்பந்துக் கோப்பையை வென்ற கனெக்டிகட் பல்கலைக்கழக அணியின் ஷபாஸ் நேப்பியர், பசியோடு படுத்த இரவுகள் உண்டு என்று நிருபர்களிடம் சொன்னார். சில நாட்களிலேயே வீரர்களுக்கு வேண்டிய அளவு சாப்பாடு தரலாம் என்று விதி மாறியது.

சரி, ஸ்காலர்ஷிப் சம்பளம்தான் என்றே வைத்துக்கொள்வோம். அதன் உச்ச வரம்பை யார் முடிவு செய்தார்கள்? போட்டிபோட்டு ஆள் எடுக்க வேண்டிய கல்லூரிகள் எல்லாம் ஒன்றாக உட்கார்ந்து, இதற்கு மேல் யாரும் கொடுக்கக்கூடாது என்று பேசி வைத்துக்கொண்டன. எவ்வளவு கிடைத்தது என்பதைவிட இந்தப் பேச்சுதான் பிரச்சினை. நீதிமன்றத்தில் அடிவாங்கியதும் இதற்காகத்தான்.

டாட்டூ போட்டுக்கொண்டதற்குத் தண்டனை கொடுத்தார்களாமே?

உண்மை. 2010 டிசம்பரில் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக ஃபுட்பால் அணியின் ஐந்து வீரர்கள் மாட்டினார்கள். தாங்கள் வென்ற மோதிரம், பதக்கம், ஜெர்சி போன்றவற்றைக் கொடுத்துப் பணமும் டாட்டூவும் வாங்கியது குற்றம். ஆளுக்கு ஐந்து ஆட்டத் தடை. வேடிக்கை என்னவென்றால் தடை அடுத்த சீசனில்தான் தொடங்கும் என்றார்கள். நடுவே ஜனவரியில் சுகர் பௌல் இருந்தது, டிவியும் டிக்கெட்டும் கொழிக்கும் ஆட்டம். அதில் ஐந்து பேரும் ஆடினார்கள். விஷயம் தெரிந்தும் மறைத்த பயிற்சியாளர் ஜிம் ட்ரெசல் 2011-இல் பதவி விலகினார்.

கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த வீரருக்குத் தரும் ஹைஸ்மன் கோப்பையை 2005-இல் வாங்கிய ரெஜி புஷ், குடும்பத்துக்கு ஏஜென்ட்டுகள் உதவியது வெளியே வந்ததால் 2010-இல் அதைத் திருப்பிக் கொடுத்தார். 2024-இல் கோப்பை அவரிடமே திரும்பி வந்தது. அதற்குள் உலகம் மாறிவிட்டதல்லவா.

மாற்றியது யார்?

ஒரு வீடியோ கேமிலிருந்து தொடங்கலாம். எட் ஓபானன் 1995-இல் யு.சி.எல்.ஏ. கூடைப்பந்து அணிக்குக் கோப்பை வாங்கித் தந்தவர். பிற்பாடு லாஸ் வேகஸில் கார் விற்பனைக் கடையில் வேலை பார்த்தார். ஒரு நாள் நண்பர் வீட்டில் பையன் ஆடிக்கொண்டிருந்த கேமில் தன்னையே பார்த்தார். அதே உடல்வாகு, அதே இடது கை, முதுகில் அதே 31. பெயர் மட்டும் இல்லை. விற்ற காசில் அவருக்குப் பைசா வரவில்லை. 2009-இல் வழக்குப் போட்டார். 2014-இல் நீதிபதி கிளாடியா வில்கன், என்.சி.ஏ.ஏ.வின் தடை போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தார்.

2019-இல் கலிஃபோர்னியா மாநிலம், வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிப்பதைக் கல்லூரிகள் தடுக்கக்கூடாது என்று சட்டம் போட்டது. மற்ற மாநிலங்கள் வரிசையில் நின்றன. 2021 ஜூன் 21 அன்று ஆல்ஸ்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒன்பதுக்குப் பூஜ்யம் என்று என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கு படிப்பு சம்பந்தப்பட்ட சலுகைகள் பற்றியது மட்டும்தான். ஆனால் நீதிபதி கேவனா தனியாக எழுதிய குறிப்பில் போட்டு உடைத்துவிட்டார். குறைந்த கூலி வாங்கும் சமையல்காரர் சமைத்ததைத்தான் வாடிக்கையாளர்கள் விரும்புகிறார்கள் என்று சொல்லி, ஊரில் உள்ள எல்லா ஓட்டல்களும் கூடிப் பேசிக் கூலியைக் குறைக்க முடியுமா என்று கேட்டார். பத்தே நாளில், ஜூலை 1 அன்று, என்.சி.ஏ.ஏ. தன் பழைய தடையைத் தளர்த்தியது.

என்.ஐ.எல். என்று எல்லாரும் சொல்வது அதைத்தானா?

ஆமாம். பெயர், உருவம், சாயல் ஆகியவற்றைப் பயன்படுத்த வீரருக்குத் தரும் பணம். விளம்பரம், இன்ஸ்டாகிராம் பதிவு, கையெழுத்து, ஜெர்சி எல்லாம் இதில் வரும். லூயிசியானா ஸ்டேட் ஜிம்னாஸ்ட் ஒலிவியா டன், அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் போன்றவர்கள் படிக்கும்போதே பெரிய விளம்பரங்களில் வந்தார்கள்.

இது கண்ணியமான பாதி. மற்றப் பாதி, 'கலெக்டிவ்' என்ற பெயரில் பழைய மாணவர்களும் பணக்கார ரசிகர்களும் சேர்ந்து நடத்தும் நிதி. பேருக்கு ஒரு விளம்பரம், உள்ளே பார்த்தால் எங்கள் கல்லூரிக்கு வந்து ஆடு என்பதற்கான தொகை. முன்பு மேசைக்கு அடியில் நடந்தது இப்போது மேசைக்கு மேலே வந்துவிட்டது. இது எனக்கு அசிங்கமாகத் தெரியவில்லை. கணக்கில் வருகிற பணம் கணக்கில் வராத பணத்தைவிட மேல்.

ஒரு கொசுறு: வீரர்களுக்குப் பணம் தராததால் எழுந்த வழக்குகளில் நின்றுபோன கல்லூரி ஃபுட்பால் வீடியோ கேம், 2024-இல் மறுபடி வந்தது. அதில் இடம்பெறச் சம்மதித்த பத்தாயிரத்துக்கு மேற்பட்ட வீரர்களுக்குத் தலா 600 டாலரும் ஒரு கேமும் கொடுத்தார்கள்.

2025-இல் புதிதாக என்ன நடந்தது?

'ஹவுஸ்' வழக்கின் சமரசம். அரிசோனா ஸ்டேட் நீச்சல் வீரர் கிரான்ட் ஹவுஸின் பெயரில் நடந்த வழக்கு. 2025 ஜூன் 6 அன்று அதே நீதிபதி வில்கன் ஒப்புதல் கொடுத்தார். பழைய வீரர்களுக்கு நஷ்டஈடாகச் சுமார் 280 கோடி டாலரைப் பத்து ஆண்டுகளில் தர வேண்டும். அப்புறம், சமரசத்தில் சேரும் ஒவ்வொரு கல்லூரியும் தன் வீரர்களுக்கு ஆண்டுக்கு ஒரு வரம்புக்குள் நேரடியாகப் பணம் தரலாம். 2025-26-க்கு அந்த வரம்பு சுமார் 2.05 கோடி டாலர். தந்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. வெளியிலிருந்து வரும் என்.ஐ.எல். ஒப்பந்தம் 600 டாலரைத் தாண்டினால், டெலாய்ட் நிறுவனம் நடத்தும் 'என்.ஐ.எல். கோ' என்ற தளத்தில் பதிய வேண்டும்.

என் குறை இங்கேதான் தொடங்குகிறது. அந்த 2.05 கோடி என்ற கூரையை யார் போட்டார்கள்? தொழில்முறை லீகுகளிலும் சம்பள வரம்பு உண்டு. ஆனால் அது வீரர்கள் சங்கத்தோடு பேரம் பேசி வந்தது. இங்கே சங்கமே இல்லை. வக்கீல்கள் பேசினார்கள், நீதிபதி கையெழுத்திட்டார்.

பெண்களுக்கு எவ்வளவு?

நஷ்டஈட்டுப் பணத்தை ஏறத்தாழ 75 சதவீதம் ஃபுட்பால், 15 ஆண்கள் கூடைப்பந்து, 5 பெண்கள் கூடைப்பந்து, 5 மற்ற எல்லாம் என்று பிரிக்கிறார்கள். புதிய பணத்தையும் பல கல்லூரிகள் இதே வாய்ப்பாட்டில்தான் பிரிக்கின்றன. கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972-ஆம் ஆண்டு 'டைட்டில் நைன்' சட்டம் இதற்கும் பொருந்துமா? பொருந்தும் என்று 2025 ஜனவரியில் பைடன் அரசு சொன்னது. அடுத்த மாதமே டிரம்ப் அரசு அதை வாபஸ் வாங்கியது. சமரசத்தை எதிர்த்து எட்டு வீராங்கனைகள் மேல்முறையீடும் செய்தார்கள்.

ஆண்கள் ஆட்டம்தான் சம்பாதிக்கிறது, அவர்களுக்குத்தான் போக வேண்டும் என்பது எதிர்வாதம். முழுக்கத் தவறில்லை. ஆனால் பெண்கள் ஆட்டத்தை யாரும் ஒழுங்காக விற்கவே முயலவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2021 கூடைப்பந்துப் போட்டியின்போது ஆண்களுக்குப் பெரிய உடற்பயிற்சிக் கூடம்; பெண்களுக்கு ஒரு மூலையில் ஒரே ஒரு டம்பெல் அடுக்கு. ஆரெகன் வீராங்கனை செடோனா பிரின்ஸ் அதை வீடியோ எடுத்துப் போட்டதும் நாடே பார்த்தது. (அவரும் ஹவுஸ் வழக்கில் வாதிதான்.) மூன்றே ஆண்டில், 2024-இல், பெண்கள் இறுதி ஆட்டத்தை டிவியில் 1.8 கோடிக்கு மேற்பட்டோர் பார்த்தார்கள். ஆண்கள் இறுதி ஆட்டத்துக்கு 1.5 கோடிகூட வரவில்லை.

ஃபுட்பாலுக்கே எல்லாம் போனால் நீச்சல், மல்யுத்தம் எல்லாம் மூடப்படாதா?

பயம் நியாயமானது. பெரும்பாலான கல்லூரிகளில் விளையாட்டுத் துறை சம்பாதிப்பதைவிடச் செலவழிப்பதுதான் அதிகம். ஃபுட்பால் பணத்தில்தான் மற்றவை ஓடுகின்றன. ஒலிம்பிக் பதக்கம் வாங்கும் அமெரிக்கர்களில் பெரும் பங்கு இந்தக் கல்லூரி நீச்சல் குளங்களிலும் ஓடுதளங்களிலும் உருவானவர்கள்.

ஆனால் ஸ்டான்ஃபோர்ட் 11 விளையாட்டுகளை நிறுத்தப் போவதாக அறிவித்தது 2020-இல். எந்த வீரருக்கும் அப்போது சம்பளம் இல்லை. எதிர்ப்பு வலுத்ததால் மறு வருஷம் பின்வாங்கினார்கள். கோச்சுக்கு விலகல் தொகை கொடுக்கும்போது வராத நீச்சல் குளத்தின் ஞாபகம், வீரருக்குக் கொடுக்கும்போது மட்டும் வருகிறது. அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். அதைச் சொல்கிற சிலரை அவ்வளவாக நம்புவதில்லை.

அப்படியானால் எல்லா வீரர்களையும் ஊழியர்களாக்கிச் சம்பளம் தர வேண்டுமா?

எல்லாரையும் அல்ல. என்.சி.ஏ.ஏ.வில் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட வீரர்கள் இருக்கிறார்கள். ஒரு சின்னக் கல்லூரியில் ஆசைக்கு டென்னிஸ் ஆடும் மாணவியையும், லட்சம் பேர் முன்னால் மண்டை உடைய ஆடும் ஃபுட்பால் வீரரையும் ஒரே சட்டியில் போடக்கூடாது. டிவி பணம் எங்கே வருகிறதோ அங்கே ஆடுகிறவர் ஊழியர். சங்கம் வைத்துக்கொள்ளவும் அடிபட்டால் நஷ்டஈடு கேட்கவும் அவருக்கு உரிமை வேண்டும். இதுதான் என் கட்சி.

முயற்சிகள் நடக்காமல் இல்லை. நார்த்வெஸ்டர்ன் வீரர்கள் ஊழியர்களே என்று 2014-இல் வந்த தீர்ப்பை, இதில் தலையிட மாட்டோம் என்று சொல்லி 2015-இல் மத்தியத் தொழிலாளர் வாரியம் ஓரம் வைத்தது. டார்ட்மத் கல்லூரியின் ஆண்கள் கூடைப்பந்து அணி 2024 மார்ச்சில் 13-க்கு 2 என்று வாக்களித்துச் சங்கம் அமைத்தது. ஆட்சி மாறினால் வாரியமும் மாறும், பாதகமான தீர்ப்பு வரும் என்று பயந்து வருஷக் கடைசியில் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஜான்சன் என்ற வீரர் என்.சி.ஏ.ஏ. மேல் போட்ட வழக்கில் 2024 ஜூலையில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், கல்லூரி வீரர்கள் சட்டப்படி ஊழியர்களாக இருக்க வாய்ப்புண்டு என்று கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தது.

ஊழியர் என்றால் தொந்தரவும் உண்டு. வரி வரும், வேலையை விட்டு நீக்கலாம் என்ற நிலை வரும். ஆனால் நீக்குவது இப்போதும் நடக்கிறதே, கோச் மாறினால் பாதி அணி வெளியே போகிறது.

பணம் வந்ததும் பிள்ளைகள் கல்லூரி விட்டுக் கல்லூரி தாவுகிறார்களே?

தாவுகிறார்கள். டென்னசி பல்கலைக்கழகத்தின் முன்னணி ஃபுட்பால் வீரர் நிக்கோ யமலியாவா 2025 ஏப்ரலில் அணியை விட்டு யு.சி.எல்.ஏ.வுக்குப் போனார். ஒப்பந்தத் தொகை பற்றிய தகராறு என்று செய்திகள் வந்தன. ரசிகர்களுக்குக் கோபம். கூடுதல் சம்பளத்துக்காகக் கல்லூரி மாறும் கோச் மேல் இந்தக் கோபம் இவ்வளவு வருவதில்லை. உண்மையான நஷ்டம் படிப்பில்தான்: மூன்று கல்லூரி மாறினால் பாடங்களின் கிரெடிட் எல்லாம் கூடவே வராது. இதற்கும் மருந்து பல ஆண்டு ஒப்பந்தம். அதற்கு மறுபடி சங்கம், பேரம்.

இந்தியாவிலிருந்து போய் ஆடுகிற மாணவர்களுக்கும் பணம் கிடைக்குமா?

இங்கேதான் சிக்கல். சென்னையில் டென்னிஸ் கற்ற சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக 2007, 2008 என்று தொடர்ந்து இரண்டு முறை என்.சி.ஏ.ஏ. ஒற்றையர் பட்டம் வென்றார். டெல்லித் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை தேஜஸ்வின் சங்கர் கன்சாஸ் ஸ்டேட்டுக்காக உயரம் தாண்டுதலில் 2018, 2022-இல் முதலிடம். இவர்களைப் போல எஃப்-1 மாணவர் விசாவில் போகிறவர்கள் வளாகத்துக்கு வெளியே வேலை செய்யக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. விளம்பரத்தில் நடித்தால் அது வேலை. விசா போய்விடும் அபாயம். பர்டூ பல்கலைக்கழகத்தின் ஏழடி நான்கு அங்குலக் கூடைப்பந்து நட்சத்திரம், கனடாக்காரர் சாக் ஈடி, கூட ஆடியவர்களைப் போல இந்தச் சந்தையில் சம்பாதிக்க முடியாமல் நின்றார். காங்கோவைச் சேர்ந்த கென்டக்கி வீரர் ஆஸ்கர் ஷிப்வே, 2022-இல் அணி பஹாமாஸ் போனபோது அந்த மண்ணில் வைத்து விளம்பர வேலைகளை முடித்துக்கொண்டார். கல்லூரி நேரடியாகத் தரும் புதிய பணத்தை விசாச் சட்டம் எப்படிப் பார்க்கும் என்பதிலும் தெளிவில்லை. கோச் பரவாயில்லை என்றார், சீனியர் வாங்கினார் என்று கையெழுத்துப் போடாதீர்கள். குடியேற்ற வக்கீல் ஒருவரைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

அங்கேயே பிறந்த என் பிள்ளைக்கு ஒப்பந்தம் வந்தால் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் காலம். படிப்பு முடிந்த பிறகும் முகத்தையும் பெயரையும் பயன்படுத்தும் உரிமை ஒப்பந்தம் போட்ட கம்பெனியிடமே இருக்கிறதா என்று பாருங்கள். நிரந்தர உரிமை என்று ஒரு வரி இருந்தால் அதை அடிக்கச் சொல்லுங்கள். இரண்டாவது, எதிர்காலத் தொழில்முறைச் சம்பளத்தில் சதவீதம் கேட்கும் ஒப்பந்தம் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். மூன்றாவது, வருமான வரி. என்.ஐ.எல். வருமானத்தில் பெரும்பாலும் வரி பிடித்தம் செய்து தர மாட்டார்கள். சுயதொழில் வருமானமாகக் கணக்குக் காட்டி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை நீங்களே கட்ட வேண்டும். பதினெட்டு வயதில் கைக்கு வந்த பணம் முழுவதையும் காருக்குக் கொடுத்துவிட்டு, வரிக் கணக்குக் காட்டும் ஏப்ரலில் முழிக்கிற பிள்ளைகள் உண்டு. வருமானத்தைப் பார்த்துத் தரும் அரசு உதவித்தொகை வாங்கும் குடும்பமாக இருந்தால், இந்தப் பணத்தால் அடுத்த ஆண்டு அது குறையலாம். கையெழுத்திடும் முன் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.